கடலில் பசை விட்டுப்போனால்: எஃகு–ஃபைபர் இணைப்புகளின் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடித்தல்

இணைப்பு பெயர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் பட்டறையில் எழும் முதல் கேள்வி, "இதைவிட நல்ல பசை எது?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைப்போம். எஃகோடு ஃபைபரை ஒட்டிக் கடலில் இறக்கிய இணைப்புகளில் பசை தன் வலிமை போதாமல் அறுந்துபோவது குறைவு. பசைக்கும் எஃகுக்கும் நடுவில் இருக்கும் எல்லையில் தண்ணீர் புகுந்து, பசையை அப்படியே முழுசாக விட்டுவிட்டுப் பிடிப்பை மட்டும் எடுத்துவிடுகிறது. புது டின் வாங்கினால் இது தீராது.

இங்கே ஃபைபர் என்று சொல்வது கண்ணாடி இழை, கார்பன் இழை இரண்டையும்தான். படகின் உடலோடு ஒட்டிய எஃகுத் தாங்கிகள், அரித்துப்போன எஃகுத் தகட்டின்மேல் போடும் கார்பன் ஒட்டு, எஃகு மேல்தளத்தின்மேல் உட்காரும் ஃபைபர் அறை என எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். பெரிய கப்பல்களுக்கும் இது புதிதல்ல. பிரெஞ்சுக் கடற்படையின் லா ஃபயெட் வகைப் போர்க்கப்பல்களில் மேற்கட்டுமானத்தின் ஒரு பகுதி கண்ணாடி இழையால் ஆனது. கீழே உடல் எஃகு. அமெரிக்காவின் ஸும்வால்ட் வகையில் முதல் இரண்டு கப்பல்களுக்கு மேற்கட்டுமானம் கார்பன் இழையில் வந்தது. மூன்றாவதுக்கு 2013இல் எஃகையே தேர்ந்தெடுத்தார்கள். செலவுக் கணக்குதான் அங்கே பெரிதாக நின்றது.

துடைப்பதற்கு முன்

பெயர்ந்த துண்டு கைக்கு வந்ததும் தண்ணீர் விட்டு அலசி, தின்னரில் துடைத்துவிடுவது பட்டறைப் பழக்கம். அதோடு சாட்சியமும் போய்விடும். எஃகு முகத்தையும் ஃபைபர் முகத்தையும் அருகருகே வைத்து, பகல் வெளிச்சத்தில் சாய்வாகப் படமெடுங்கள். அதுவும் உடனே. சில வகைத் துரு காற்றுப்பட்ட சில நிமிடங்களிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும்.

பிறகு கேட்க வேண்டியது ஒன்றுதான்: பசை எந்தப் பக்கம் இருக்கிறது? இரண்டு பக்கமும் பசை இருந்தால் முறிவு பசைக்குள்ளே நடந்திருக்கிறது. ஒரு பக்கம் பசை, மறுபக்கம் வெறும் எஃகு என்றால் முறிவு எல்லையில். எஃகின்மேல் பசையும் அதன்மேல் இழைகளும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஃபைபர்தான் உரிந்திருக்கிறது. ஒரே இணைப்பில் மூன்றும் கலந்து வருவதும் உண்டு. அப்போது எது முதலில் பிரிந்தது என்று பாருங்கள். அழுக்கும் உப்பும் படிந்து மங்கிய பகுதி பழைய பிரிவு. சுத்தமாக, கூர்மையாக இருப்பது கடைசி நாளில் முறிந்தது. நோயைப் பழைய பகுதியில் தேடுங்கள். கடைசிப் பகுதி பாரம் தாங்காமல் போனது, அவ்வளவே.

எஃகு வெறுமையாக இருக்கிறதா, மெல்லிய பசைப் படலமோ பிரைமர் என்னும் அடிப்பூச்சோ மிச்சமிருக்கிறதா என்று கண்ணால் சொல்வது கடினம். படமெடுத்த பிறகு மயில்துத்தக் கரைசலில் ஒரு சொட்டு வையுங்கள். வெறும் எஃகு என்றால் சற்று நேரத்தில் அந்த இடம் செம்பு நிறமாகும். படலம் இருந்தால் நீலச் சொட்டு நீலமாகவே நிற்கும். சோதித்த இடத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள். செம்பு தங்கினால் அதுவே அரிப்பைக் கிளப்பும்.

அறிகுறி: எஃகு முகம் வெறுமையாக, பசை முழுவதும் ஃபைபர் பக்கம்

அதிகமாகக் கண்ணில் படுவது இதுதான். இதில் முதலில் காலத்தைக் கேளுங்கள். ஒட்டிய சில நாளிலேயே, கடல்நீரைப் பார்க்கும் முன்பே பெயர்ந்ததா? ஒரு மழைக்காலம், இரண்டு மழைக்காலம் உழைத்துவிட்டுப் பெயர்ந்ததா? இரண்டும் வேறு நோய்.

சில நாளில் பெயர்ந்தது என்றால் அது ஒட்டவே இல்லை என்று பொருள். பசையின் முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். எஃகின் சொரசொரப்பு அச்சு எடுத்ததுபோல் பசையில் பதிந்திருந்தால் பசை எஃகைத் தொட்டிருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை: எண்ணெய், சிலிக்கோன், கைவியர்வை, பனி ஈரம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று நடுவில் இருந்திருக்கிறது. பசையின் முகம் கண்ணாடியாக வழவழவென்று இருந்தால் அது எஃகைத் தொடவே இல்லை. அங்கே காற்று அடைபட்டிருக்கலாம். அல்லது பசை தடவிய பிறகு ஆட்கள் டீ குடிக்கப் போய், மேலே தோல் கட்டிய பிறகு வந்து அழுத்தியிருக்கலாம்.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கடற்கரையில் இதுதான் அதிகம் ஏமாற்றும். காற்று 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனி படியும் வெப்பநிலை ஏறக்குறைய 27 டிகிரி. இரவு முழுவதும் குளிர்ந்த தடித்த எஃகுத் தகடு காலையில் 26 டிகிரியில் இருந்தால் அதன்மேல் நீர்ப்படலம் உட்கார்ந்திருக்கும். கைக்குத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. பெயிண்ட் அடிப்பவர்களின் விதியை இங்கும் வையுங்கள்: எஃகின் வெப்பநிலை, பனி படியும் நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகம் இருக்க வேண்டும். மேற்சொன்ன நாளில் எஃகு 30 டிகிரியைத் தாண்டும்வரை பசை டின்னைத் திறக்கக் கூடாது. காற்றின் வெப்பத்தை அளந்துவிட்டுச் சரி என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அளக்க வேண்டியது எஃகை.

எபாக்ஸி என்பது ரெசினும் ஹார்டனரும் கலந்து இறுகும் பொருள். எபாக்ஸி பிரைமர் அடித்து இரவு விட்டு, மறுநாள் அதன்மேல் ஒட்டியிருந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு. அதை இறுக வைக்கும் அமீன் வகை ஹார்டனர் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகு போன்ற படலத்தை விடும். விரலால் தடவினால் பிசுபிசுப்பு அல்லது வழுக்கல் தெரியும். இதை அசிட்டோனில் துடைத்தால் பரவுமே தவிரப் போகாது. சுத்தமான வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும். தேய்த்துக் கழுவி, உலர்த்தி, பிறகு உப்புத்தாள் போடுங்கள். முதலில் உப்புத்தாள் போட்டால் படலம் கீறல்களுக்குள் அழுந்திவிடும்.

இனி இரண்டாவது வகை: நன்றாக உழைத்துவிட்டு, பிறகு வெறும் எஃகைக் காட்டிக்கொண்டு பெயர்வது. இதற்குக் கணக்கே இருக்கிறது. கிளெட்ஹில், கின்லாக் இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வின்படி, எபாக்ஸியை இரும்பு ஆக்சைடிலிருந்து பிரிக்கத் தேவையான ஆற்றல் உலர்ந்த காற்றில் சதுர மீட்டருக்கு 291 மில்லிஜூல். நடுவில் தண்ணீர் இருந்தால் அதே எண் −255 ஆகிறது. எதிர்க்குறிதான் விஷயம். தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டால் எபாக்ஸியும் இரும்பு ஆக்சைடும் பிரிந்திருப்பதே இயற்கைக்கு வசதி. யாரும் இழுக்க வேண்டியதில்லை. எஃகு தண்ணீரை விரும்பும் அளவுக்குப் பசையை விரும்புவதில்லை. அதனால்தான் விலை உயர்ந்த பசையும் மலிவுப் பசையும், தயாரிப்பு சரியில்லாத எஃகின்மேல் ஒரே மாதிரி பெயர்கின்றன.

அப்படியென்றால் தண்ணீர் எந்த வழியாக வந்தது? விளிம்பு வழியாக என்று எல்லோரும் சொல்வார்கள். விளிம்பில் சீலண்ட் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண வெப்பத்தில் எபாக்ஸிக்குள் நீர் ஊடுருவும் வேகத்தைக் காட்டும் குணகம், தாராளமாக வைத்தாலும் விநாடிக்கு ஒரு சதுர மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். அந்த வேகத்தில் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே போக மூன்று ஆண்டு ஆகும். 50 மி.மீ. அகல இணைப்பின் நடுவுக்குப் போக அதைவிட எத்தனையோ மடங்கு. ஆனால் மேலே இருக்கும் 5 மி.மீ. ஃபைபர் பலகைக்குக் குறுக்கே வர பத்து மாதம்கூட வேண்டாம். எஃகு தண்ணீரை விடாது, ஃபைபர் விடும். இணைப்பின் நடுப்பகுதி நனைவது பெரும்பாலும் ஃபைபரின் முதுகு வழியாகத்தான். ஆகவே விளிம்பை மட்டும் அடைப்பது பாதி வேலை. ஃபைபரின் வெளிமுகத்துக்கும் எபாக்ஸி தடுப்புப் பூச்சு வேண்டும், பலகையில் துளையிட்ட இடங்களுக்கும் வேண்டும்.

எல்லை பெயரத் தொடங்கிவிட்டால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. பிரிந்த இடுக்கில் நீர் ஊறுவதில்லை, ஓடுகிறது.

மறுபடி ஒட்டும்போது வரிசை முக்கியம். முதலில் எண்ணெய் எடுத்தல். அதற்குப் பிறகுதான் மணல் வீச்சு, அதாவது காற்றழுத்தத்தில் மணலை அடித்துத் துருவை எடுத்தல். மாற்றிச் செய்தால் எண்ணெய் எஃகின் பள்ளங்களுக்குள் அடித்து ஏற்றப்படும். துடைக்கச் சாயம் போகாத, மென்மையூட்டி படாத வெள்ளைத் துணி வேண்டும். பட்டறையில் கிடக்கும் பனியன் வேஸ்ட் இந்த வேலைக்கு ஆகாது. ஒரு துணியால் நனைத்துக் கரைத்து, அது உலர்வதற்குள் வேறு துணியால் எடுங்கள். ஒரே துணியில் இரண்டையும் செய்தால் எண்ணெய் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். பிறகு சுத்தமான நீரைத் தெளித்துப் பாருங்கள். சேம்பிலைத் தண்ணீர்போல் உருண்டு ஓடினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. அரை நிமிடம் உடையாத படலமாக நின்றால் சரி.

மணல் வீச்சு ஐஎஸ்ஓ 8501-1 சொல்லும் எஸ்ஏ 2½ தரத்துக்கு வரட்டும்: துருவும் பழைய பெயிண்ட்டும் போய், லேசான கறை மட்டும் மிஞ்சும் நிலை அது. கிரைண்டரில் மாட்டும் கம்பித் தூரிகை எஃகைப் பளபளப்பாக்கும். அந்தப் பளபளப்பில் பாதி தேய்த்துப் பரப்பிய துரு. வீச்சு முடிந்ததும் உப்பு அளவிடுங்கள். தகட்டில் ஒட்டும் சிறு பட்டைக்குள் நீர் செலுத்தி, எடுத்து, மின்கடத்தலை அளக்கும் பிரெஸ்லே முறை எளிது. கப்பல்களின் நிலைநீர்த் தொட்டிகளுக்கான, ஐஎம்ஓ என்னும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 2006ஆம் ஆண்டுப் பூச்சுத் தரம் சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் உப்புவரை அனுமதிக்கிறது. பெயிண்டுக்கே அந்த வரம்பு என்றால் பாரம் தாங்கும் இணைப்புக்கு அதற்குக் கீழே நிற்பதுதான் நியாயம். வரம்பு தாண்டினால் நன்னீரில் கழுவி, உலர்த்தி, மறுபடி வீச்சு. கடற்காற்றில் புது எஃகு சில மணி நேரத்தில் மங்கும், ஆகவே வீச்சும் ஒட்டுதலும் ஒரே நாளில்.

சிலேன் பூச்சு இந்த எல்லைக்காகவே வந்த மருந்து. அதன் ஒரு முனை உலோக ஆக்சைடையும் மறுமுனை எபாக்ஸியையும் பிடித்துக்கொள்கிறது. எபாக்ஸிக்கு ஏற்றது கிளைசிடாக்ஸி வகைச் சிலேன். வழக்கம் 1 சதவீதக் கரைசல். கலக்கியதும் பூசாமல், வினைபட நேரம் கொடுத்துப் பிறகு பூச வேண்டும். நீர் அதிகமுள்ள கரைசல் மென் எஃகில் உடனே துருவைக் கிளப்பக்கூடும், ஆகவே ஆல்கஹால் அதிகமுள்ள கலவை பாதுகாப்பானது. தடித்துப் பூசினால் நன்மை கூடாது, கெடும்.

அறிகுறி: எஃகு முகத்தில் துரு

துருதான் இணைப்பைப் பெயர்த்தது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பல நேரங்களில் முதலில் பிடிப்பு போய், நீர் நின்று, அதற்குப் பிறகு துரு வருகிறது. எது முன், எது பின் என்பதைத் துருவின் இடமும் நிறமும் சொல்லும்.

விளிம்பிலிருந்து உள்நோக்கி நாக்கு நாக்காகச் செம்மஞ்சள் துரு வந்திருந்தால், காற்றும் நீரும் தாராளமாகப் போய்வந்த பழைய பிரிவு. நடுவில் தனித்தனிப் புள்ளிகளாகத் துரு இருந்து, விளிம்பு நன்றாக இருந்தால் ஒட்டும்போதே உள்ளே உப்பு மாட்டியிருக்கிறது. நீர் ஃபைபரின் முதுகு வழியாக வந்து அந்த உப்பைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. முன்பு அரித்துக் குழி விழுந்த தகடுகளில் இது சாதாரணம். குழியின் அடியில் தங்கும் உப்பு ஒரே வீச்சில் போவதில்லை.

பிரித்த கணத்தில் முகம் பச்சை கலந்த கறுப்பாக இருந்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பும் செம்மஞ்சளும் ஏறினால் அது ஆக்சிஜன் இல்லாத இடத்தில் உருவான துரு. உள்ளே நீர் இருந்தது, காற்று இல்லை என்று அர்த்தம். அந்த இணைப்பு வெளியிலிருந்து பார்க்கச் சுத்தமாக, பெயிண்ட் கலையாமல் இருந்திருக்கும். ஒரு மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் இரண்டு வகைத் துருவும் ஒரே நிறம்தான்.

அறிகுறி: கார்பன் பட்டையை ஒட்டி மட்டும் எஃகு அரிக்கிறது

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. கார்பன் இழை கடத்தும். கடல்நீரில் கார்பனும் எஃகும் தொட்டுக்கொண்டால் அது ஒரு மின்கலம். இரண்டுக்கும் இடையில் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு இருக்கும். அதில் கரைவது எஃகு. கார்பன் பரப்பு பெரிதாகவும் திறந்திருக்கும் எஃகு சிறிதாகவும் இருந்தால் அரிப்பு ஆழமாகப் போகும்.

சோதிப்பது சுலபம். பட்டையின் ஓரத்தில் உப்புத்தாள் போட்டு இழை தெரியச் செய்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை அங்கேயும் மறுமுனையைச் சுரண்டிய எஃகிலும் வையுங்கள். நன்றாக உலர்ந்த நிலையில் தொடர்பே காட்டக் கூடாது. சில நூறு ஓம் காட்டினாலும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது. பசை அடுக்கே காப்பாகிவிடும் என்று நம்புவது வீண். அழுத்திப் பிடிக்கும்போது ஏதோ ஓரிடத்தில் இழை எஃகின் சொரசொரப்பைத் தொட்டுவிடும். கார்பனுக்கும் எஃகுக்கும் நடுவில் முழுதாக நனைந்த மெல்லிய கண்ணாடித் துணி அடுக்கு ஒன்று போடுங்கள். அந்த அடுக்கு கார்பனின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் வெளியே நீளட்டும். மேலே போகும் போல்ட்டும் தொடர்பு தரும் என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: அனோடுக்குப் பக்கத்தில் பெயர்கிறது, எஃகு மட்டும் புதிதாக இருக்கிறது

துருவே இல்லாமல், பிரிந்த இடுக்கில் கையில் சோப்புபோல் வழுக்கும் நீர் இருந்தால் பி.எச். தாளை வையுங்கள். 12ஐ நெருங்கிய கார நிறம் காட்டினால், அரிப்பைத் தடுக்க வைத்த பாதுகாப்பே பசையைப் பெயர்த்திருக்கிறது. எஃகுக்குப் பதிலாகத் தான் கரையும்படி வைத்த துத்தநாகக் கட்டிதான் அனோடு. அது தரும் மின்னோட்டத்தால் எஃகின் முகத்தில் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து ஹைட்ராக்சைடு உண்டாகிறது. எஃகுக்கு அது நல்லது. அதோடு ஒட்டிய பசையின் எல்லைக்கு அது விஷம்.

இதற்காக அனோடைக் கழற்றி எறிந்துவிட வேண்டாம். வெள்ளி–வெள்ளி குளோரைடு அளவுமுனையோடு ஒப்பிட்டு −0.80 வோல்ட் இருந்தால் எஃகுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடும். துத்தநாகம் ஏறக்குறைய −1.03இல் நிற்கும். வெளிமின்சாரம் கொடுக்கும் அமைப்புகளைக் கவனிக்காமல் விட்டால் இன்னும் கீழே இழுத்து, ஹைட்ரஜன் குமிழியையும் உண்டாக்கும். அனோடை ஒட்டிய விளிம்பிலிருந்து தள்ளி வையுங்கள். விளிம்பில் காரத்தைத் தாங்கும் எபாக்ஸிப் பூச்சு அகலமாக வரட்டும். எஸ்டர் பிணைப்புள்ள பாலியெஸ்டர் காரத்தில் கெடும். அதை இங்கே கிட்டேயே சேர்க்காதீர்கள்.

அறிகுறி: நடு நன்றாக இருக்கிறது, முனையில் மட்டும் மயிரிழை விரிசல்

இது பெரும்பாலும் வடிவத்தின் குறை. ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி ஒட்டும் மேல்பொருத்து இணைப்பில் பாரம் சமமாகப் பரவுவதில்லை. இரண்டு முனைகளில் குவிகிறது, அங்கேயே உரிக்கும் விசையும் எழுகிறது. பட்டையை இன்னும் நீளமாக்கினால் தீரும் என்பது பொதுவான தப்பெண்ணம். ஓர் அளவுக்கு மேல் நீளம் நடுவில் சும்மா கிடக்கும். பட்டையின் முனையைச் சாய்வாக மெலிதாக்கி, பிதுங்கிய பசையை வழித்து எடுக்காமல் சரிவாக விட்டுவிடுவதுதான் பலன் தரும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று முனையில் பசையைச் செதுக்கி எடுப்பவர்கள் இணைப்பின் ஆயுளைச் செதுக்கி எடுக்கிறார்கள்.

வெப்ப விரிவும் இங்கே வந்து சேரும். எஃகு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். கார்பன் இழை தன் நீளவாக்கில் ஏறக்குறைய விரியவே செய்யாது. வெப்பநிலை 40 டிகிரி மாறினால் ஒரு மீட்டரில் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் வித்தியாசம். தினமும் வெயிலிலும் இரவிலும் அந்த வேறுபாட்டைப் பசையின் முனைதான் தாங்குகிறது. நீளமான கார்பன் ஒட்டுகளுக்கு, கண்ணாடியாக உடையும் பசையைவிடச் சற்று இழுபட்டு, எளிதில் விரிசல் விடாத பசை பொருந்தும்.

அறிகுறி: வெயிலில் நகர்கிறது, நகம் பதிகிறது

பசை இரண்டு பக்கமும் ஒட்டியிருந்து, இழுத்த மாவாக நீண்டு கிழிந்திருந்தால் பசை மென்மையாகியிருக்கிறது. சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்ஸிகள் பலவற்றின் இளகுநிலை 50 முதல் 60 டிகிரிக்குள்தான். நீர் ஊறினால் அதுவும் 10, 20 டிகிரி இறங்கும். கரும்பச்சை, கறுப்பு பெயிண்ட் அடித்த மேல்தளம் சித்திரை வெயிலில் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கணக்கை நீங்களே பாருங்கள். வெளிர் நிறம் அடிப்பது மலிவான மருந்து. பசையின் தரவுத்தாள் அனுமதித்தால் இறுகிய பிறகு மிதமாகச் சூடேற்றி வைப்பது நிலையான மருந்து.

எங்கும் ஒரே சீராக மென்மை என்றால் வெப்பமோ விகிதமோ காரணம். திட்டுத்திட்டாக மென்மை, நடுவில் வெள்ளை வரிகள் என்றால் கலக்கியது போதவில்லை. விகிதம் பற்றி ஒரு வார்த்தை. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றில் பழகிய கை பாலியெஸ்டரில் பழகிய கை. பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட்டைக் கூட்டினால் வேகமாக இறுகும், குறைத்தால் மெதுவாக இறுகும். எபாக்ஸியில் ஹார்டனர் பொருளிலேயே ஒரு பங்கு. அது வேகத்தைக் கூட்டும் மருந்தல்ல. "மழை வருகிறது, ஹார்டனரைக் கொஞ்சம் கூட ஊற்று தம்பி" என்று மேஸ்திரி சொன்னால், அந்த இணைப்பு எப்போதும் முழுதாக இறுகாது. கண்ணளவு வேண்டாம், தராசு வையுங்கள். எடை விகிதமும் கன அளவு விகிதமும் ஒன்றல்ல.

பக்கத்தில் பற்றவைத்த (வெல்டிங் செய்த) இடம் இருந்து பசை பழுப்பேறி நொறுங்கினால் வேறு காரணம் தேட வேண்டாம்.

அறிகுறி: இழை உரிந்து எஃகோடு வந்துவிட்டது

இதில் பசை தன் வேலையைச் செய்துவிட்டது. தோற்றது ஃபைபர் பலகை. உரிந்த இழைகள் உலர்ந்த வெள்ளையாக, ரெசின் படாமல் இருந்தால் பலகை வார்க்கும்போதே நனையவில்லை. பக்கத்தில் கொப்புளம் இருந்தால் ஊசியால் குத்தி வரும் நீரை முகர்ந்து பாருங்கள். வினிகர் போன்ற புளிப்பு வாசனை அடித்தால் பாலியெஸ்டர் நீரில் சிதைந்திருக்கிறது. அங்கே மேலும் ஒட்டுவதில் பயனில்லை, கெட்ட அடுக்கைச் செதுக்கி எடுத்து, நன்னீரில் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே மற்றது. ஃபைபர் கடல்நீரைவிட மழைநீரை அதிகம் குடிக்கும். படகின் அடியில் தேங்கிய மழைநீரை இறைக்காமல் விடுவதைச் சிலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பசையில் துணி நெசவின் அச்சு வழவழவென்று பதிந்து, இழை ஒன்றும் உரியாமல் வந்திருந்தால் அது வேறு. பலகை வார்க்கும்போது மேலே போட்டு, பிறகு உரித்தெடுக்கும் உரிதுணியை எடுத்துவிட்டு உப்புத்தாள் போடாமல் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பாலியெஸ்டர் பலகையின்மேல் எபாக்ஸி பிடிக்கும். எபாக்ஸியின்மேல் பாலியெஸ்டர் சரியாக இறுகாது. பழுது பார்க்கும்போது இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

அறிகுறி: பசைக்குள் குமிழியும் பொந்தும்

பசையை வரிகளாக இழுத்து, ஒரு பக்கத்திலிருந்து சாய்த்து மூடுங்கள். காற்று வெளியேற வழி வேண்டும். கிளாம்பை முறுக்கி இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி இணைப்பு பட்டினி கிடக்கும். அரை மில்லிமீட்டர் இடைவெளி காக்கக் கண்ணாடி மணிகளோ கம்பித் துண்டுகளோ போதும். கம்பி எஃகாக இருக்கக் கூடாது.

அறிகுறி: ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சந்தேகம்

நாணயத்தால் தட்டினால் பிரிந்த இடம் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். ஆனால் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும், பிடிப்பே இல்லாத எல்லையைத் தட்டிக் கண்டுபிடிக்க முடியாது. மீயொலிக் கருவியும் அதைப் பெரும்பாலும் நல்ல இணைப்பு என்றே சொல்லும். வலிமைச் சோதனையும் ஏமாற்றும். சுமாரான தயாரிப்பும் நல்ல தயாரிப்பும் முதல் நாளில் ஏறக்குறைய ஒரே பாரத்தில்தான் உடையும்.

வித்தியாசம் காட்டுவது ஆப்புச் சோதனை. அலுமினியத்துக்காக எழுதிய ஏஎஸ்டிஎம் டி3762 என்ற அமெரிக்கச் சோதனைத் தரத்திலிருந்து வந்தது இது, எஃகிலும் செய்யலாம். வேலை நடக்கும் நாளிலேயே, அதே ஆள், அதே தகடு, அதே பசை கொண்டு இரண்டு எஃகுப் பட்டைகளை ஒட்டுங்கள். இறுகியதும் ஒரு முனையில் ஆப்பு செருகி, விரிசல் நின்ற இடத்தில் கூர்மையான ஊசியால் கோடு போடுங்கள். வெதுவெதுப்பான உப்பு நீரில் ஓர் இரவு வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். விரிசல் கொஞ்சம் நீண்டு, திறந்து பார்த்தால் இரண்டு பக்கமும் பசை இருந்தால் தயாரிப்பு சரி. நீண்ட பகுதியில் எஃகு வெறுமையாகத் தெரிந்தால், மேலே ஒட்டிய பெரிய இணைப்பிலும் அதுதான் நடக்கப் போகிறது. வித்தியாசம் காலத்தில் மட்டும். ஆப்பை எடுத்ததும் பட்டைகள் நேராகத் திரும்ப வேண்டும். வளைந்தே நின்றால் பட்டை மெலிது; அந்தச் சோதனை செல்லாது, தடித்த பட்டையில் மறுபடி செய்யுங்கள்.

இன்னும் சில பட்டைகளைச் செய்து, ஆப்போடு நைலான் கயிற்றில் கட்டி, படகு நிற்கும் இடத்திலேயே நீருக்குள் தொங்கவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒன்று, அடுத்த கோடையில் ஒன்று என எடுத்துத் திறக்கலாம். கயிற்றில் தேதியும் பசையின் தொகுதி எண்ணும் பொறித்த தகடு இருக்கட்டும். பேனாவில் எழுதியது கடலில் நிற்காது.